கதிருக்கு வரும் குருவிகள்



கம்பும் சோளமும் பால் பிடிக்கிற நாட்களில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உரத்தைப் பற்றிக் கேட்பதில்லை, பூச்சியைப் பற்றியும் அதிகம் கேட்பதில்லை. "சார், குருவிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். சிலர் கேட்பதோடு நிற்காமல், "பக்கத்து ஊரிலே குருணை மருந்தைத் தானியத்திலே கலந்து வரப்பிலே போட்டாங்களாம், நல்லா கேக்குதாம்" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். குருவிக்கு மருந்து கிடையாது. ஏன் கிடையாது, மருந்தில்லாமல் கதிரை எப்படிக் காப்பது என்பதைத்தான் இன்று உங்களுடன் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கொல்லைக்கு வருவது எந்தக் குருவி என்று உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? "குருவிதான் சார், சின்னக் குருவி" என்று சொன்னால் போதாது. கத்திரிச் செடியில் புழு என்றால் தண்டைத் துளைக்கும் புழுவா, இலையைத் தின்னும் புழுவா என்று பார்த்துத்தானே மருந்து சொல்கிறோம்? இதுவும் அப்படித்தான். நம் கதிருக்கு வருகிறவை பெரும்பாலும் நான்கு வகை: தூக்கணாங்குருவி, சில்லை, சிட்டுக்குருவி, கிளி. இவற்றில் சில்லையைத்தான் பல ஊர்களில் நெல்லுக்குருவி என்றும் தினைக்குருவி என்றும் சொல்கிறார்கள். கட்டைவிரல் அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத தடித்த அலகு. புள்ளிச் சில்லைக்குத் தொண்டை காப்பிக் கொட்டை நிறம். மார்பில் மீன் செதில் போல வரிவரியாக இருக்கும். கருந்தலைச் சில்லைக்குத் தலை மை பூசியதுபோல் கருப்பு. இரண்டும் கூட்டமாக வந்து இறங்கும். கதிர்மேல் தொற்றிக்கொண்டு, உமியை நீக்கி, அரிசியை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

சில்லை ஆண்டு முழுவதும் நம் பயிரையே நம்பி இருப்பதாக நினைக்க வேண்டாம். அதன் சொந்தச் சாப்பாடு புல் விதை. வரப்பிலும் தரிசிலும் விளைகிற புல், நெல் வயலில் நமக்குத் தொல்லையாக முளைக்கிற குதிரைவாலிப் புல், இவற்றின் விதையை அது தின்கிறது. நாம் களைக்கொல்லி வாங்கி ஒழிக்கப் பார்க்கிற விதையில் ஒரு பங்கை அது கூலியில்லாமல் எடுத்துவிடுகிறது. நெல்லும் கம்பும் தினையும்கூடப் புல் சாதிதானே! அதன் கண்ணுக்கு நம் வயல், யாரோ வரிசையாக நட்டுவைத்த பெரிய புல்வெளி.

தூக்கணாங்குருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் கூட்டைத் தெரியாதவர் நம் நாட்டில் இல்லை. ஆனால் குருவியைத் தெரிந்தவர் குறைவு. காரணம், மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் பார்ப்பதற்குப் பெண் சிட்டுக்குருவி மாதிரியே இருக்கும். இனப்பெருக்க காலம் வந்ததும் ஆணுக்குத் தலையிலும் மார்பிலும் மஞ்சள் நிறம் ஏறும். பிறகு அது வேலையைத் தொடங்கும். நெல் தாள், கரும்புத் தோகை, பனை ஓலை, நாணல் எதுவானாலும் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். நார் நீளமாகக் கிழிந்து வந்துவிடும். ஒரு கூட்டை முடிக்க ஆண் குருவி 500 தடவை வரை நார் சுமந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கூடு பாதி முடிந்து, தொங்குகிற தலைக்கவசம் போல இருக்கும்போது ஆண் குருவி சிறகடித்துக் கூவும். பெண் குருவிகள் வந்து கூட்டைப் பார்க்கும். உள்ளே புகும், அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். பெண் சம்மதித்த பிறகுதான் ஆண் முட்டை அறையையும் நீண்ட குழாய் வாசலையும் கட்டி முடிக்கும். அதோடு அதன் குடும்பப் பொறுப்பு ஏறக்குறைய முடிந்தது. அடுத்த கிளையில் இன்னொரு கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண்ணைக் கூப்பிடும்! அடைகாப்பது பெண்தான். குஞ்சுக்கு இரை கொடுக்கிற பொறுப்பும் பெரும்பாலும் அதன் தலையில்தான். இந்த விஷயத்தை முதன்முதலில் தெளிவாக எழுதியவர் நம் நாட்டுப் பறவை அறிஞர் சாலிம் அலி. பம்பாய்க்கு அருகே கிகிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் பார்த்து எழுதிய அவருடைய கட்டுரை 1931இல் வெளிவந்தது.

கூட்டுக்குள் களிமண் அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்மினியைப் பிடித்து அதில் பதித்து ராத்திரி விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். கேட்க அழகான கதைதான். களிமண் இருப்பது மெய், விளக்கு இருப்பது கதை. காற்றில் கூடு அதிகமாக ஆடாமல் இருக்கக் கனம் சேர்க்கிறது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

விவசாயிக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. தானியம் தின்னும் குருவியாக இருந்தாலும், தூக்கணாங்குருவி தன் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் அதிகம் கொடுக்கிறது. சிட்டுக்குருவியும் அப்படியே. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அதை நெல்மணி தராது, வெட்டுக்கிளியும் பச்சைப் புழுவும்தான் தரும். குஞ்சு பொரிக்கிற காலமும் நம் பயிர் இளசாக நின்று புழு விழுகிற காலமும் பல இடங்களில் ஒன்றாக அமைகின்றன. அந்த மாதங்களில் கிணற்றடிப் பனையில் 20 கூடு தொங்கினால் உங்கள் வயலில் 20 வேலைக்காரிகள் புழுப் பொறுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் இதே குருவிகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து, இரவில் கரும்புத் தோட்டத்திலும் நாணலிலும் அடைந்து, பகலில் விளைந்த கதிரைத் தேடி வரும். வேலைக்காரி அப்போது திருடியாகிவிடுகிறாள். ஆள் ஒன்றுதான், மாதம்தான் வேறு.

சரி, திருட்டு எவ்வளவு? இதை நம்மில் பலர் அளந்து பார்ப்பதில்லை. விடியற்காலையில் கொல்லையில் 200 குருவி ஒரே சமயத்தில் எழும்பினால் மனசு பதறிவிடுகிறது. "பாதி போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் பாதி போயிருக்கலாம், பத்தில் ஒன்றும் போயிருக்கலாம். நீங்களே பாருங்கள். ஓர வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட மாதிரி 20 கதிர், கொல்லையின் நடுவில் 20 கதிர். ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு மணி இல்லை என்று கணக்குப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கொல்லைகளில் ஓரத்துச் சேதத்துக்கும் நடுவில் உள்ள சேதத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். வேலி, மரம், மின்கம்பி இருக்கிற பக்கத்து ஓரம்தான் முதலில் அடிபடும். காரணம், பயந்தால் ஓடி ஒளிய அங்கே இடம் இருக்கிறது. அப்படியானால் காவலையும் செலவையும் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காவலுக்கு நாள் கணக்கும் உண்டு. கம்பு பூத்துப் பத்து நாளில் பால் பிடிக்கத் தொடங்கும். பூத்து ஒரு மாதத்துக்குள் கதிர் முதிர்ந்துவிடும். இடையில் உள்ள மூன்று வாரம்தான் ஆபத்தான காலம். அதிலும் பால் பருவம் மோசம். பால் மணியைக் குருவி அலகில் வைத்து நசுக்கிச் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். தின்பதைவிடக் கெடுப்பது அதிகம். பகல் முழுவதும் பரணில் நிற்கவும் வேண்டாம். விடிந்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம், பிறகு சாயங்காலம் அடைவதற்கு முன்பு இரண்டு மணி நேரம், இந்த இரண்டு வேளைதான் குருவிக்குச் சாப்பாட்டு வேளை. நடு வெயிலில் அவையும் நம்மைப் போல மரநிழலில்தான் இருக்கும்.

இனிக் காப்பாற்றுகிற வழிகள். முதல் வழி விதைப்பிலேயே இருக்கிறது. ஊரெல்லாம் ஆடிப் பட்டத்தில் ஒரே வாரத்தில் விதைத்தால், கதிரும் ஒரே வாரத்தில் வரும். இருக்கிற குருவி 100 ஏக்கருக்கும் பங்காகப் போய்விடும். யாருக்கும் பெரிய நஷ்டம் தெரியாது. ஒருவர் மட்டும் பதினைந்து நாள் முந்தியோ பிந்தியோ விதைத்தால், ஊர்க் குருவி முழுக்க அவர் தலையில்தான் இறங்கும். "எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி?" என்று கேட்டு வருகிற பலரிடம் விதைத்த தேதியைக் கேட்டால் போதும், காரணம் வெளியே வந்துவிடும். மழையை நம்பிய மானாவாரியில் எல்லோரும் ஒரே நாளில் விதைக்க முடியாதுதான். ஆனாலும் அண்டைக் கொல்லைக்காரரோடு கலந்து பேசி ரகத்தின் வயதையாவது ஒத்துப்போகச் செய்யலாம். 85 நாள் ரகமும் 110 நாள் ரகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், குருவிக்குப் பந்தி நீண்டுகொண்டே போகும்.

ரகத்தைப் பற்றி இன்னொன்று. கதிரில் முள் மயிர் நீளமாக உள்ள கம்பில் குருவிக்கு உட்காரச் சிரமம். சோளத்தில் துவர்ப்பு மிகுந்த சில செஞ்சோள ரகங்களைக் குருவி அவ்வளவாக விரும்புவதில்லை. ஆனால் அந்தத் துவர்ப்பு நமக்கும் மாட்டுக்கும்கூடச் சீரணத்துக்கு நல்லதில்லை. சந்தையிலும் விலை குறையும். ஆகவே, குருவிக்குப் பயந்து மொத்தக் காட்டையும் செஞ்சோளமாக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலியோரம் நாலைந்து வரிசை போடுவது உங்கள் விருப்பம்.

பறவைத் தாங்கி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புழுவைக் கட்டுப்படுத்த வயலில் 'டி' வடிவக் குச்சி நடச் சொல்லி நாங்களேதான் பிரசாரம் செய்கிறோம். கரிச்சானும் மைனாவும் அதில் உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும். நல்ல முறைதான். ஆனால் பால் பிடிக்கிற சமயத்தில் அந்தக் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரிச்சானுக்குப் போட்ட நாற்காலியில் கதிர் தின்னும் குருவி வந்து உட்கார்ந்துகொள்ளும். நட்டவர்களில் பாதிப் பேர் பிடுங்க மறந்துவிடுகிறார்கள்.

சத்தம் எழுப்புகிற வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறை, பழக்கம். தகர டப்பா, பழைய புடவை, சோளக்கொல்லைப் பொம்மை, இப்போது ஒலிபெருக்கியில் பதிவு செய்த கூச்சல், எதுவாயினும் மூன்று நாளில் குருவிக்குப் பழகிப்போகும். பொம்மையின் தலைமேலேயே உட்கார்ந்து இறகு கோதுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள், சத்தத்தை மாற்றுங்கள், ஒன்று ஓய்ந்தபின் வேறொன்றைத் தொடங்குங்கள். பொம்மைக்குப் பக்கத்தில் எப்போதாவது ஓர் உண்மையான ஆள் நின்று கவண் வீசினால் பொம்மைக்கும் மரியாதை வரும்.

இப்போதுள்ள வழிகளில் செலவு குறைந்து, ஓரளவு நன்றாக வேலை செய்வது மினுமினுக்கும் ரிப்பன். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளி. ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். வடக்குத் தெற்காக, 10 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, கதிருக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில், இரண்டு மூன்று முறுக்குக் கொடுத்துக் கட்டுங்கள். வடக்குத் தெற்காகக் கட்டினால்தான் காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் அதில் பட்டுத் தெறிக்கும். காற்று அடித்தால் விர்ரென்ற சத்தமும் வரும். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் 5 மீட்டர் இடைவெளி. இந்தக் கணக்கில் சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுமார் 800 மீட்டர் ரிப்பன் பிடிக்கும். அவ்வளவு வாங்க முடியாதவர்கள் மேலே சொன்னபடி அளந்து பார்த்து, அடிபடுகிற ஓரத்திலாவது கட்டலாம். குருவி வந்து ருசி கண்ட பிறகு கட்டிப் பிரயோசனம் குறைவு. பால் பிடிக்கும் முன்பே கட்டிவிட வேண்டும். அறுவடை முடிந்ததும் கட்டாயம் சுருட்டி எடுத்துவிடுங்கள். தட்டையோடு சேர்ந்து மாட்டு வயிற்றுக்குள் போனால் குருவி தின்றதைவிடப் பெரிய நஷ்டம்.

விதைக்காக விடுகிற சிறிய பாத்திக்கு மட்டும் வலை போடலாம். தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் எலி பிடிக்க வருகிற ஆந்தையும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகின்றன. இரண்டும் நமக்குச் சம்பளமில்லாத காவல்காரர்கள்.

இனி அந்தக் குருணை மருந்துப் பேச்சுக்கு வருகிறேன். போரேட் குருணை 2020ஆம் ஆண்டு முடிவோடு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்காவது பழைய பை கிடந்தால் தொடாதீர்கள். வேறு எந்தப் பூச்சி மருந்தையும் தானியத்தில் கலந்து வைப்பது சட்டப்படி குற்றம். தூக்கணாங்குருவி, சில்லை எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வரப்பில் போட்ட தானியத்தைக் குருவி மட்டும் தின்னாது. மயில் தின்னும், உங்கள் வீட்டுக் கோழி தின்னும். செத்த குருவியை நாய் தின்னும், ஆந்தை தின்னும். வரப்போரம் விளையாடுகிற குழந்தை கையில் எடுக்கும். ஒரு மூட்டைக் கம்புக்காக இதற்குத் துணிய வேண்டுமா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

கொன்றால்தான் என்ன ஆகும் என்று நினைக்கிறவர்களுக்குச் சீன நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1958இல் அங்கே அரசாங்கமே சிட்டுக்குருவியைத் தானியத் திருடன் என்று அறிவித்து, ஒழிக்க இயக்கம் நடத்தியது. ஊர் ஊராக மக்கள் பாத்திரத்தைத் தட்டி, குருவியை உட்கார விடாமல் விரட்டி விரட்டியே விழவைத்தார்கள். பிறகு வயல்களில் பூச்சி பெருகியது. அந்த நாட்டு அறிஞர்கள் எடுத்துச் சொல்ல, 1960இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்துப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தானியத்தை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய காரியம் தானியத்தை மிச்சம் பிடிக்கவில்லை.

இப்போது இன்னொரு பக்கம். கொல்லையில் குருவியை விரட்டுகிற நாமே வீட்டில் அதற்குத் தானியமும் தண்ணீரும் வைக்கிறோம். நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது நம் பெரியவர்கள் காலத்து வழக்கம். கோடையில் மொட்டை மாடியில் தண்ணீர்ச் சட்டி வைப்பது இப்போது பரவியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் சட்டியைக் கழுவுகிறீர்களா?

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களில் கிரீன்ஃபிஞ்ச் என்று ஒரு பாடும் குருவி உண்டு. நம் சிட்டுக்குருவி அளவு, பாசிப் பச்சை நிறம், சிறகில் மஞ்சள் கோடு, நம் சில்லையைப் போலவே தடித்த அலகு. சூரியகாந்தி விதை என்றால் அதற்கு உயிர். அங்கே மக்கள் தோட்டத்தில் விதைக் கூடுகளைத் தொங்கவிட்டு ஆசையாக வளர்த்த குருவி அது. 2005இல் அவற்றுக்கு ஒரு தொண்டை நோய் கண்டது. புறாவின் தொண்டையில் இருக்கிற டிரைக்கோமோனாஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிதான் காரணம். தொண்டையில் புண் வந்து, குருவி விழுங்க முடியாமல் தீனியைக் கக்கும். எச்சில் பட்ட அந்தத் தீனியிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அடுத்த குருவிக்குத் தொற்றும். ஆண்டுகள் போகப் போக அந்நாட்டில் அந்தக் குருவி பாதிக்கும் மேல் குறைந்து, 2021இல் மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. காட்டில் சிதறி மேய்ந்த குருவிகள் ஒரே தட்டில் நெருங்கி, புறாவோடு சேர்ந்து சாப்பிட்டது நோய் பரவ வழி செய்தது.

நம் ஊரில் புறா வளர்க்கிறவர்களுக்கு இந்தத் தொண்டைப் புண் புதிதல்ல. அந்த ஒட்டுண்ணிக்கு ஈரம் வேண்டும். காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். இரண்டு சட்டி இருந்தால் ஒன்று காயும்போது ஒன்று வைக்கலாம். தானியத்தைக் குவிக்காமல், அன்றைக்குத் தீர்கிற அளவு மட்டும் போடுங்கள். உடம்பை உப்பவைத்துக்கொண்டு, ஆள் வந்தாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கிற குருவியைப் பார்த்தால் இரண்டு வாரத்துக்குத் தானியம் வைப்பதை நிறுத்திவிடுங்கள். கூட்டம் கலைந்தால் நோயும் கலையும். கோழிக்கும் புறாவுக்கும் வைக்கிற தண்ணீரில் இந்தக் குருவிகள் வந்து குடிக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

கடைசியாக, கிணற்றடிக் கூடுகளைத் தட்டிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குஞ்சு இருக்கிற கூட்டைக் கலைப்பதால் உங்கள் கதிருக்கு லாபமில்லை. முன்பே சொன்னபடி அந்த மாதத்தில் அது புழு தேடும் குருவி. கதிருக்கு வருகிற கூட்டம் பல ஊர்களிலிருந்து சேர்ந்து வருவது. உங்கள் பனையில் பத்துக் கூட்டைத் தட்டினாலும் அந்தக் கூட்டம் குறையாது. பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்கிற எண்ணம் இருந்தால், 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

சூரியகாந்தியிலும் மக்காச்சோளத்திலும் கிளி செய்கிற சேதம் தனிக் கதை. மக்காச்சோளத்தில் ஓர வரிசைக் கதிர்களை மட்டும் அதன் பக்கத்து இலையாலேயே சுற்றி மூடிக் கட்டினால் கிளியின் கண்ணுக்குப் படாது. ஒரு ஆள் அரை நாளில் ஓரம் முழுவதும் கட்டிவிடலாம். சூரியகாந்திக்கு அது ஒத்துவராது. அதைப் பற்றி இன்னொரு சமயம் விரிவாகப் பேசலாம்.